எதிர்காலக் கதைகளை எப்படிப் படிப்பது?

நாளை நடக்கப்போவதை இன்றே அறிந்துகொள்ள விரும்பாதவர் யார்? நூல் விலை ஏறுமா, இறங்குமா, அடுத்த பருவத்தில் எந்த நிறப் பனியன் விற்கும் என்று திருப்பூரில் நாள்தோறும் கணக்குப் போடுகிறார்கள். விஞ்ஞானக் கதை எழுதுவோரும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அக்கதைகளைச் சோதிடம்போல் எண்ணி, பலித்ததா, பலிக்கவில்லையா என்று மட்டும் பார்ப்பது போதாது. பின் எவ்வாறு படிப்பது?

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவின் 'எர்த் ஈஸ் ரூம் இனஃப்' என்ற சிறுகதைத் தொகுதி 1957-இல் வெளிவந்தது. அதிலிருந்து இரண்டு கதைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1951-இல் எழுதப்பட்ட 'தி ஃபன் தே ஹாட்'. நம் நாட்டின் மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இது இடம்பெற்றது. கதை நடப்பது 2157-ஆம் ஆண்டில். மார்ஜி என்ற சிறுமி பள்ளிக்கூடமே அறியாதவள். வீட்டிலேயே ஓர் இயந்திரம் அவளுக்குப் பாடம் நடத்துகிறது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது நம் பிள்ளைகளும் வீட்டில் திரைக்கு முன் அமர்ந்து படித்தார்கள். அசிமோவின் ஊகம் 137 ஆண்டுகள் முன்பே நடந்துவிட்டது! ஆனால் மார்ஜி தன் வீட்டுப் பாடத்தைத் துளைக் குறிகளாகக் குத்தி இயந்திரத்தில் செருகுகிறாள். துளையட்டை 1951-இல் வழக்கில் இருந்த முறை. அது மாறாது என்று கொண்டு கதை செல்கிறது.

இரண்டாவது, 1955-இல் எழுதப்பட்ட 'ஃபிரான்சைஸ்'. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேர்தல். ஒரு மாபெரும் கணிப்பொறி ஒரே ஒரு வாக்காளரைத் தேர்ந்து, அவரிடம் சில கேள்விகள் கேட்டு, நாடு முழுவதற்குமான முடிவைக் கணித்துவிடுகிறது. இது வெறுங்கற்பனையன்று. 1952-இல் யூனிவாக் என்ற கணிப்பொறி, எண்ணி முடித்த சிறிதளவு வாக்குகளைக் கொண்டே ஐசனோவருக்கு 438 தேர்வாளர் வாக்குகள் கிடைக்கும் என்றது. தொலைக்காட்சியினர் நம்பத் தயங்கி அதை உடனே வெளியிடவில்லை. அவருக்குக் கிடைத்தவை 442. சிறிதளவு வாக்குகளே போதுமென்றால், ஒரே மனிதர் போதாதா? அப்போது மற்ற மக்களுக்கு என்ன வேலை? கதை கேட்பது இதைத்தான்.

இவற்றிலிருந்து மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. இன்றைய எந்தப் போக்கை ஆசிரியர் நீட்டிப் பார்க்கிறார்? எது மாறாது என்று கொள்கிறார்? கணிப்பைக் கேட்டவர்கள் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றினால் என்ன ஆகும்? மூன்றாவது கேள்வி முக்கியமானது. கிரகணம் பற்றிய கணிப்பைக் கேட்டுச் சந்திரன் வழி மாறுவதில்லை. மனிதனோ மாறக்கூடியவன்.

கதைகளுக்கு மட்டுமன்று, திட்டங்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். திட்டம் என்பதும் ஓர் எதிர்காலக் கணிப்புத்தானே? வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றித் திருப்பூர் வழியாகக் காவிரிக்குச் செல்லும் நொய்யலின் குறுக்கே, பாசனத்திற்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிட்டார்கள். நீரின் தன்மை மாறாது என்று கொண்டார்கள். அதுதான் மாறியது.

பருத்தித் துணியில் சாயம் நன்கு ஏறவேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பை நிறையச் சேர்க்கவேண்டும். உப்பு, சாயத்தை இழையை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் தான் துணியில் தங்குவதில்லை, கழிவுநீருடன் வெளியேறிவிடுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும், கரைந்த உப்பை நீக்காது. பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக உப்பும் ஆற்றில் பெருகியது. பாசனத்திற்கென்று கட்டிய அணை, சாயக் கழிவின் தேக்கமாயிற்று. அணையின் கீழிருந்த நிலங்களும் கிணறுகளும் கெட்டன.

இப்போக்கு நீடித்தால் என்னவாகும் என்று உழவர்கள் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்கள். கழிவை ஆற்றில் விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடவேண்டும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து தவித்தார்கள். பின்னர் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையால் நீரையும், எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பையும் மீட்டு, மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இதற்கு மின்சாரமும் விறகும் பணமும் மிகுதியாகச் செலவாகின்றன. ஆற்றின் கதையும் இன்னும் முடிந்துவிடவில்லை. எனினும், எச்சரிக்கையைக் கேட்டவர்கள் வழியை மாற்றினால் கணிப்பும் மாறும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

ஆகவே மாணவ நண்பர்களே, எதிர்காலக் கதை ஒன்றை அடுத்த முறை படிக்கும்போது அந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அருகே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 2050-இல் உங்கள் ஊர் ஆறு எப்படி இருக்கும் என்று நீங்களே ஒரு சிறுகதை எழுதிப் பாருங்கள். எது மாறாது என்று கொண்டீர்கள் என்பதை நண்பர் ஒருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.