இருவீச்சு அவுட்போர்டு எஞ்சின் சீரற்று ஓடுதல்

இருவீச்சு அவுட்போர்டு எஞ்சின் சீரற்று ஓடுதல் என்பது, படகின் பின்பலகையில் மாட்டப்படும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நடுங்கி ஓடுவது, விட்டு விட்டு எரிவது, வேகம் கூட்டும்போது திணறுவது, தானாக நின்றுபோவது ஆகிய கோளாறுகளைக் குறிக்கும். தீப்பொறி, எரிபொருள், சிலிண்டர் அழுத்தம் ஆகிய மூன்றில் ஒன்று குறைவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். எது குறைகிறது என்பதைச் சில எளிய சோதனைகளால் அறிந்த பிறகே எஞ்சினைக் கழற்ற வேண்டும்.

பின்புலம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை அறந்தாங்கி வருவாய்க் கோட்டத்தில் உள்ளது. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய ஊர்களின் மீனவர்கள் பாக் விரிகுடாவில் மீன் பிடிக்கின்றனர். ஆழம் குறைந்த இக்கடலில் கடற்புல் படுகைகள் மிகுதி. இவற்றை நம்பி வாழும் கடற்பசுவுக்காக 2022-ஆம் ஆண்டு தமிழக அரசு இங்கு ஒரு பாதுகாப்பகத்தை அறிவித்தது. இக்கடலின் குறுக்கே 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வரையறுக்கப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லை செல்கிறது. எஞ்சின் நின்ற படகு காற்றாலும் நீரோட்டத்தாலும் அந்த எல்லைக்கு அப்பால் இழுத்துச் செல்லப்படலாம். ஆகவே எஞ்சின் தரும் முன்னறிகுறிகளைக் கரையிலேயே கவனிப்பது முக்கியம்.

இயங்கும் முறை

இருவீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. எரிபொருளும் காற்றும் முதலில் கிராங்க் அறைக்குள் நுழைந்து, பிறகு சிலிண்டருக்குச் செல்கின்றன. பெட்ரோலுடன் ஆயில் கலந்து ஊற்றும் எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் பேரிங்குகளுக்கும் வேண்டிய ஆயில் அந்தப் பெட்ரோலோடுதான் வந்து சேர்கிறது. எனவே இங்கு எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறையும். எரிபொருள் போதாத நிலையில் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிப்போகும்.

ஆயில் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பது பல எஞ்சின்களுக்குச் சொல்லப்படும் அளவு. கையேட்டில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

முதல் சோதனை: எந்த சிலிண்டர்?

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இச்சோதனையைச் செய்யலாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, மீண்டும் ஓட விடவேண்டும். பின்னர் அடுத்த பிளக்கிலும் இவ்வாறே செய்ய வேண்டும். எந்த வயரைக் கழற்றியபோது ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ, அந்த சிலிண்டரே வேலை செய்யவில்லை. எர்த் செய்யாமல் விட்டால் இக்னிஷன் பாகம் கெடலாம். பெட்ரோல் ஆவியும் தீப்பிடிக்கலாம்.

அடுத்து அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

• இளம் பழுப்பு நிறம்: எரிதல் சரியாக உள்ளது.
• கறுப்பாகவும் ஈரமாகவும் இருத்தல்: எரிபொருள் வருகிறது, ஆனால் எரியவில்லை. தீப்பொறி அல்லது அழுத்தம் குறைவு. அல்லது ஆயில் மிகுதி.
• உலர்ந்த கரி: எரிபொருள் மிகுதி, அல்லது நெடுநேரம் மெதுவாக ஓட்டியது.
• வெளுத்துப்போதல்: எரிபொருள் குறைவு, மிகு சூடு.
• நீர்த்துளிகள்: எரிபொருளில் நீர், அல்லது ஹெட் கேஸ்கட் கசிவு.

இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிப் போடலாம். கோளாறும் கூடவே மாறினால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

எரிபொருள் சோதனை

சில நிமிடங்கள் நன்றாக ஓடிப் பிறகு நிற்கும் எஞ்சினில் முதலில் டேங்க் மூடியின் காற்றுத் திருகைப் பார்க்க வேண்டும். அது மூடியிருந்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி எரிபொருள் வராது. கைப்பம்ப் எனப்படும் ரப்பர் குமிழ் தட்டையாக ஒட்டிக்கொண்டால் டேங்குக்கும் குமிழுக்கும் இடையில் அடைப்பு உள்ளது. குமிழை அமுக்கும்போது மட்டும் எஞ்சின் சீராக ஓடினால் குழாயில் காற்றுக் கசிவு இருக்கலாம். அல்லது எரிபொருள் பம்பின் டயாபிரம் பழுதாகியிருக்கலாம்.

டேங்கின் அடியிலிருந்து சிறிது எரிபொருளைத் தெளிவான கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தால், கலந்துள்ள நீர் அடியில் தங்குவது தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அதைப் பல வாரங்கள் டேங்கில் தேக்கி வைப்பது நல்லதன்று.

மெதுவாக ஓடும்போது மட்டும் தடுமாறினால் கார்புரேட்டரின் ஐடில் ஜெட்டும், வேகத்தில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டும் அடைபட்டிருக்கலாம். சோக்கைச் சிறிது இழுத்தவுடன் ஓட்டம் சீரானால் எரிபொருள் குறைவு என்பது உறுதியாகும். சோக்கை இழுத்தபடியே கடலுக்குச் செல்வது தீர்வாகாது.

மண்ணெண்ணெயில் ஓடும் வகை எஞ்சின்கள் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுகின்றன. நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை கிளப்புவது கடினமாகும்.

அழுத்தச் சோதனை

தீப்பொறியும் எரிபொருளும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளக்க வேண்டும். எல்லா பிளக்குகளையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுமையாகத் திறந்து கயிற்றை இழுக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே ஏறத்தாழ 10 விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ரிங், பிஸ்டன் அல்லது கேஸ்கட்டில் தேய்மானம் இருக்கலாம். கார்புரேட்டர் வாய் வழியே எரிபொருள் திரும்பித் தெறித்தால் ரீடு வால்வைச் சோதிக்க வேண்டும். இவை மெக்கானிக்கின் வேலை.

கடலில் கவனிக்க வேண்டியவை

குளிர்விக்கும் நீர் வெளியேறும் சிறு துளையில் நீர் நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். கடற்புல்லோ பிளாஸ்டிக் உறையோ நீர் நுழையும் வாயை அடைத்திருக்கலாம்; பம்பின் ரப்பர் இம்பெல்லரும் தேய்ந்திருக்கலாம். புரொப்பெல்லரில் வலைக்கயிறு சுற்றினாலும் எஞ்சின் நடுங்கும். எஞ்சினை நிறுத்தி, மேலே தூக்கிய பிறகே இவற்றை அகற்ற வேண்டும்.

முழு வேகத்தில் திணறல் தோன்றினால் வேகத்தைக் குறைத்துக் கரைக்குத் திரும்புவதே பாதுகாப்பு. உதிரி பிளக், பிளக் ஸ்பானர், எரிபொருள் ஃபில்டர் ஆகியவற்றுடன் நங்கூரமும் படகில் இருக்க வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால், ஆழம் குறைந்த பாக் விரிகுடாவில் நங்கூரம் போட்டுப் படகை நிறுத்திக்கொண்டு பழுதைப் பார்க்க முடியும்.