கீசருக்குள் ஒரு காவல்காரன்

மார்கழிக் குளிர் வந்தால் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெந்நீர் வேண்டும்.

அந்தக் காலத்தில் அடுப்பில் தவலையை ஏற்றுவார்கள். நீர் சூடானதும் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்று பல வீடுகளில் மின்சார கீசர் இருக்கிறது. அதில் விறகை இழுப்பது யார்?

தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவிதான்!

சூட்டை அறிவது எப்படி?

பல கீசர்களில் இது நீளமான குச்சி போல் இருக்கும். அதில் இரண்டு உலோகங்கள் உண்டு. சூடு பட்டால் ஒன்று நீளும். மற்றது அவ்வளவாக நீளாது. அந்த வித்தியாசம் சுவிட்சைத் தள்ளி, மின்சாரத்தை நிறுத்திவிடும். நீர் ஆறினால் மீண்டும் மின்சாரம் பாயும்.

அமெரிக்காவில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியர், அறையின் சூட்டை அறியும் மின்சாரக் கருவிக்கு 1883-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அந்த வம்சத்தில் வந்ததுதான் நம் வீட்டுக் காவல்காரன்.

உப்பு செய்யும் வேலை

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்பு அதிகமானால், சூடேற்றும் கம்பியின் மேல் வெள்ளையாகப் படியும். கம்பி எரிந்துபோகும். தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போகலாம். அப்போது புதிய பாகம் வாங்குகிறோம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தால் போதாது. மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும்.

ஒன்று: நீளம். குச்சி நீளமாக இருந்தால் அதன் குழலுக்குள் முழுதாக இறங்காது. குட்டையாக இருந்தால் நீரின் சூட்டைச் சரியாக அறியாது.

இரண்டு: ஆம்பியர். 2,000 வாட் கம்பி சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 3,000 வாட் என்றால் சுமார் 13 ஆம்பியர். தெர்மோஸ்டாட்டில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் உள்ளேயே கருகிவிடும்.

மூன்று: சூட்டின் அளவு. பழையது எத்தனை டிகிரியில் நிறுத்தியதோ, புதியதும் அப்படியே நிறுத்த வேண்டும். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தையின் தோல் இன்னும் மென்மையானது!

இதை மட்டும் செய்யாதீர்கள்!

"தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக இணைத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். நிறுத்த ஆள் இல்லாவிட்டால் நீர் கொதித்துக்கொண்டே இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உப்பால் அடைபட்டிருந்தால் தொட்டி வெடிக்கலாம்.

கடைக்குப் போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கீசரின் மேல் ஒட்டியுள்ள தகட்டில் இருக்கும் வாட் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்த பிறகே கீசரைத் திறக்க வேண்டும். அதுவும் தேர்ந்த எலெக்ட்ரீஷியன்தான் திறக்க வேண்டும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று அவரிடமே கேளுங்கள்.

வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தையைக் குளிப்பாட்டுங்கள்!