சிங்கப்பூரில் மலிவாகத் தெரியும் ஸ்போர்ட்ஸ் கார்: பாலம் கடந்தால் உண்மை விலை என்ன?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் மலேசியர்கள் ஏராளம். அவர்களில் நம் இளைஞர்களும் நிறையப் பேர். அங்கே அடுக்குமாடி வீடுகளின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நிசான் ஃபேர்லேடி நிற்கும். பத்தாண்டு நிறைய இன்னும் சில மாதங்கள்தான், அதன் பிறகு அது கழிவுக்குப் போகிற வண்டி, கேட்டால் சொற்ப விலைக்குக் கிடைக்கும் என்ற பேச்சு வேலையிடத்தில் அடிக்கடி காதில் விழும். மலேசியச் சந்தையில் அதே காருக்கு என்ன கேட்கிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆசை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த விலை பொய்யல்ல. ஆனால் அது காரின் விலையும் அல்ல.

சிங்கப்பூரில் கார் வாங்குபவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று வண்டி. மற்றொன்று அதைப் பத்தாண்டுகள் சாலையில் வைத்திருக்கும் உரிமை. சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ்தான் அந்த உரிமை. மாதத்துக்கு இரண்டு முறை ஏலத்தில் விடப்படும் அந்தச் சான்றிதழ் சில வேளைகளில் வண்டியை விடவும் விலை கூடிவிடுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவில் அது 1 லட்சத்து 50 ஆயிரத்து 1 சிங்கப்பூர் வெள்ளியைத் தொட்டது. பத்தாண்டு முடிந்ததும் உரிமையாளர் ஐந்து அல்லது பத்தாண்டுகளுக்கு மீண்டும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அல்லது பதிவை ரத்து செய்து, ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கழிவுக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்ப வேண்டும். இயந்திரம் நன்றாகத்தான் ஓடும், பெயின்ட் பளபளக்கும். இருந்தாலும் சிங்கப்பூருக்குள் அதன் மதிப்பு ஏறக்குறைய காலி. நம் இளைஞர் பார்க்கும் 'மலிவு விலை' இந்தக் கடைசிச் சில மாதங்களில் தெரிகிற விலை.

மலேசியாவின் விதி இங்கேதான் குறுக்கே நிற்கிறது. வெளிநாட்டில் பயன்படுத்திய காரை இறக்குமதி செய்ய, மித்தி எனப்படும் முதலீடு, வர்த்தகம், தொழில்துறை அமைச்சு வழங்கும் ஏபி அனுமதிப் பத்திரம் தேவை. விற்பனைக்காக 'ரீகோன்' கார்களைக் கொண்டுவரும் நிறுவனங்களுக்குத் தரப்படும் திறந்த ஏபி, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை பழைய வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். சிங்கப்பூர்க் கார் மலிவாவது பத்தாவது ஆண்டில். மலேசியக் கதவோ ஐந்தாவது ஆண்டிலேயே மூடிவிடுகிறது. இடையில் ஐந்தாண்டு இடைவெளி. எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது.

தனிநபர் ஏபி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. வெளிநாட்டில் குறைந்தது ஓராண்டாவது தங்கிப் படித்தோ வேலை செய்தோ நாடு திரும்பும் மலேசியர், அங்கே தன் பெயரில் பதிவு செய்து தான் ஓட்டிய காரைக் கொண்டுவருவதற்கான ஏற்பாடு அது. காலையில் போய் இரவில் வீடு திரும்புபவர், நண்பருடைய காரைக் காட்டி விண்ணப்பிப்பதற்காக அது உருவாக்கப்படவில்லை. லண்டனிலோ மெல்பர்னிலோ பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அது பயனுள்ள வழி. அவர்களும் காரைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே ஏபி கிடைத்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம். வண்டி கிள்ளான் துறைமுகத்துக்கு வந்த பிறகு தாள்களைத் தேடினால் கிடங்கு வாடகை நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும்.

சரி, ஐந்து வயதுக்குட்பட்ட சிங்கப்பூர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை முறைப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும்? இதற்குச் சிங்கப்பூர்க் கணக்கில் ஒளிந்துள்ள இன்னொரு விஷயம் தெரிய வேண்டும். பத்தாண்டுக்கு முன்பே பதிவை ரத்து செய்து ஏற்றுமதி செய்யும் உரிமையாளருக்கு, சான்றிதழில் மீதமுள்ள காலத்துக்கான தொகை அரசாங்கத்திடமிருந்து திரும்பக் கிடைக்கும். பதிவின்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்திலும் ஒரு பங்கு கிடைக்கும். 2023 பிப்ரவரிக்கு முன் பதிவான காரை ஐந்து வயதுக்குள் ரத்து செய்தால் அந்தப் பங்கு 75 விழுக்காடு.

ஓர் எடுத்துக்காட்டு. காரின் சந்தை மதிப்பு 50 ஆயிரம் வெள்ளி, அதற்குக் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணம் 62 ஆயிரம் வெள்ளி, சான்றிதழ் 80 ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வயது நிறையும் தறுவாயில் ரத்து செய்தால் கட்டணத்தில் 46,500 வெள்ளியும் சான்றிதழில் ஏறக்குறைய 40 ஆயிரம் வெள்ளியும் திரும்பும். அந்தக் காரை விற்பனையாளர் 1 லட்சத்து 25 ஆயிரம் வெள்ளிக்கு விளம்பரம் செய்திருந்தாலும், ஏற்றுமதிக்கு அதன் 'உடல் விலை' 38,500 வெள்ளிதான். சிங்கப்பூர் ஏற்றுமதியாளர்கள் பேரம் பேசுவது இந்த எண்ணை வைத்துத்தான். விளம்பர விலையைப் பார்த்து மலைப்பவருக்கும், கழிவு விலையைப் பார்த்து மயங்குபவருக்கும் இது தெரிவதில்லை.

ஒரு சிங்கப்பூர் வெள்ளியை 3 ரிங்கிட் என்று குறைவாக வைத்தாலும் 38,500 வெள்ளி என்பது 1 லட்சத்து 15 ஆயிரத்து 500 ரிங்கிட். அதன் மேல் வரி தொடங்குகிறது. முதலில் இறக்குமதி வரி 30 விழுக்காடு. அந்தக் கூட்டுத் தொகையின் மேல் கலால் வரி. 2,500 சிசிக்கு மேற்பட்ட இயந்திரமென்றால் 105 விழுக்காடு. இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் விற்பனை வரி 10 விழுக்காடு. வரிக்கு மேல் வரி என்பதால் ஒரு லட்சம் ரிங்கிட் மதிப்புள்ள வண்டி முதலில் 1 லட்சத்து 30 ஆயிரமாகும், பிறகு 2 லட்சத்து 66 ஆயிரத்து 500 ஆகும், முடிவில் 2 லட்சத்து 93 ஆயிரத்து 150 ரிங்கிட்டில் வந்து நிற்கும். நம் எடுத்துக்காட்டுக் கார் 3 லட்சத்து 38 ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். சிறிய இயந்திரங்களுக்குக் கலால் விகிதம் குறையும், ஆனால் மூன்று வரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற முறை அதேதான்.

இன்னொன்று, வரி கணக்கிடப்படுவது வாங்கியவர் காட்டும் ரசீதின் மேல் அல்ல. சுங்கத்துறை தானே நிர்ணயிக்கும் மதிப்பின் மேல். நண்பரிடம் வாங்கினேன், பாதி விலைக்குத் தந்தார் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பதிவான பிறகு ஆண்டுதோறும் சாலை வரியும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் தனியார் கார்களுக்கு 3,000 சிசிக்கு மேல் போனால் அடிப்படை 2,130 ரிங்கிட், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 4 ரிங்கிட் 50 சென். 3,696 சிசி கொண்ட ஃபேர்லேடி 370இசட்டுக்கு ஆண்டுக்கு 5,262 ரிங்கிட். கார் பழசானாலும் இந்தத் தொகை குறையாது. வாங்கும்போது பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முறையான வழி இவ்வளவு செலவு பிடிப்பதால்தான் முறையற்ற வழி உயிரோடு இருக்கிறது. பதிவுக் காலம் முடியவிருக்கும் சிங்கப்பூர்க் காரைப் பாலம் வழியாக ஓட்டி வந்து ஜொகூரில் கைமாற்றிவிடுவது ஒரு வகை. அதைவிட ஆபத்தானது 'குளோன்' கார். மலேசியாவில் ஏற்கெனவே சட்டப்படி பதிவான அதே மாடல், அதே நிறக் காரின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் நகலெடுத்து, வரி கட்டாத வண்டியில் பொருத்திவிடுவார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். சாலை வரிகூடச் செல்லுபடியாவதுபோல் தெரியும், ஏனென்றால் வேறொருவர் தன் காருக்கு அதை ஒழுங்காகக் கட்டி வருகிறார்.

சுங்கத்துறையோ, ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையோ அத்தகைய வண்டியைப் பிடித்தால் முதலில் அது பறிமுதல் ஆகும். கொடுத்த பணம் திரும்பாது. விற்றவரின் தொலைபேசி எண் அதற்குள் செயலிழந்திருக்கும். வரி கட்டாத பொருளை வைத்திருப்பது 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்கீழ் குற்றம். அபராதம் கட்ட வேண்டிய வரியைப் போலப் பல மடங்கு போகலாம், சிறையும் உண்டு. தெரியாமல் வாங்கினேன் என்பதை வாங்கியவர் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். மற்றவர் விலையில் பாதியைக் கூடக் கொடுக்காமல் வாங்கியவருக்கு அது எளிதல்ல.

இதில் அதிகம் பேசப்படாதது காப்புறுதி. குளோன் காருக்கு உண்மையான காப்புறுதி இருக்க முடியாது. காகிதம் இருந்தாலும் அது வேறொரு வண்டிக்குரியது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருப்பது சாலையில் செல்லும் மற்றவரைப் பாதுகாக்கத்தான். அத்தகைய கார் நள்ளிரவில் ஒரு மோட்டார் சைக்கிளை மோதினால், அடிபட்டவரின் குடும்பம் இழப்பீட்டுக்கு அலைய வேண்டும். மோதியவரின் தலையில் வாழ்நாள் கடன் விழும். அந்த மோட்டார் சைக்கிளில் இருப்பவரும் விடியற்காலையில் பாலம் கடக்கும் நம்மவராக இருக்கலாம்.

சிங்கப்பூர் எண்ணிலேயே இங்கே ஓட்டலாமே என்பதும் நடக்காது. அது இங்கே வருகையாளர் வாகனம். 2025 ஜூலை 1 முதல் விஇபி எனப்படும் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர்க் கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. அந்த அனுமதியும் காரின் பதிவு உரிமையாளரோடு பிணைந்தது. வெளிநாட்டுப் பதிவுக் காருக்கு ரோன்95 பெட்ரோலும் நிரப்பக் கூடாது.

எதிர்த் திசையில், மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குக் கொண்டுபோவது இன்னும் கடினம். மூன்று வயதுக்குட்பட்ட கார்களை மட்டுமே அங்கே பதிவு செய்யலாம். பயன்படுத்திய வண்டி என்பதற்காகவே 10 ஆயிரம் வெள்ளி கூடுதல் கட்டணம். சந்தை மதிப்பு 60 ஆயிரம் வெள்ளி உள்ள ஒரு காருக்குக் கலால், பொருள் சேவை வரி, கூடுதல் பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் 1 லட்சத்து 74 ஆயிரத்து 480 வெள்ளி ஆகும். இதில் வாகன உரிமைச் சான்றிதழ் சேரவில்லை. 35 வயதைக் கடந்த பழம்பெரும் கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு, ஆனால் அதன்கீழ் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும்.

ஆக, மலேசியாவில் இறக்குமதி ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆசைப்படும் சாதாரண வாசகருக்கு நடைமுறையில் மிஞ்சுவது, உரிமம் பெற்ற ரீகோன் விற்பனையாளர். அவர்கள் பெரும்பாலும் ஜப்பான், பிரிட்டன் கார்களையே கொண்டுவருகிறார்கள். இரண்டு நாட்டிலும் ஓட்டுநர் இருக்கை நம் பக்கம். ஜப்பானில் புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அந்தச் செலவைத் தவிர்க்கப் பலர் மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் விற்றுவிடுவதால் நம் விதிக்கு ஏற்ற வயதில் நிறைய வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. ஏலக் கூடத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தரத்தாள் எழுதப்படும். அதில் எண்ணுக்குப் பதிலாக 'ஆர்' அல்லது 'ஆர்ஏ' என்றிருந்தால், விபத்தில் சிக்கிப் பழுது பார்க்கப்பட்ட வண்டி என்று பொருள். ஸ்போர்ட்ஸ் கார்களில் இது அரிதல்ல. தரத்தாளின் அசல் நகலைக் காட்டத் தயங்கும் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய தாள்கள் அதிகமில்லை. ஏபியின் நகல், வரி கட்டியதைக் காட்டும் கே1 சுங்கப் படிவம், ஏற்கெனவே பதிவானதென்றால் வாகன கெரான். மூன்றிலும் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடமோ புதுப் பெயின்ட்டோ தெரிந்தால், பணத்தைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டியைப் புஸ்பாகோம் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். நேர்மையான விற்பனையாளர் அதற்கு ஒத்துக்கொள்வார்.