எடை காட்டிக்கொடுத்த நிலத்தடி நீர்

பஞ்சாபின் நெல் வயல்களுக்கு அடியில் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது? எந்தக் கேமராவாலும் அதைப் படம்பிடிக்க முடியாது. ரேடார் அலைகளும் ஈர மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே நின்றுவிடும். ஆனால் தண்ணீருக்கு எடை உண்டு. எடை இருந்தால் ஈர்ப்பு விசையும் இருக்கும். அந்த ஒரு பிடியை வைத்தே ‘கிரேஸ்’ திட்டம் பூமிக்கடியில் உள்ள நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கெடுத்தது.

இதற்காக 2002 மார்ச்சில் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து இரண்டு செயற்கைக்கோள்களை ஏவின. சுமார் 500 கி.மீ. உயரத்தில், 220 கி.மீ. இடைவெளி விட்டு ஒன்றன்பின் ஒன்றாக அவை பூமியைச் சுற்றின. நிறை கூடிய பகுதியை நெருங்கும்போது முன்னால் போகும் கோள் சற்று இழுபட, இடைவெளி கூடும். பின்னது அதே இடத்தை எட்டும்போது இடைவெளி குறையும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய அந்த மாறுதலை நுண்ணலைகள் அளந்தன. மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் நீர்தான். அதில் மண்ணின் ஈரம், பனி, ஏரி, அணை நீர் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கம்.

இந்த முறையில் மேத்யூ ரோடெலும் இரு சக விஞ்ஞானிகளும் கண்டதை 2009-ல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது. 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா, டெல்லி ஆகியவை இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர். மேட்டூர் அணையை 40 முறைக்கு மேல் நிரப்பும் அளவு! அந்த ஆண்டுகளில் மழை ஏறக்குறைய இயல்பாகவே பெய்திருந்தது. ஆகவே வறட்சியின் மீது பழிபோட வழியில்லை. பெரும்பாலும் பாசனத்துக்காக இறைத்த நீர்தான் அது.

ஆய்வு வெளியான அதே 2009-ல் பஞ்சாப் அரசு, ஜூன் 10-க்கு முன் நெல் நடவு செய்யக் கூடாது என்று சட்டம் போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் தொடரும்வரை, நடவுத் தேதியைத் தள்ளிவைப்பது மட்டும் போதாது என்பதே என் கருத்து.

கிரேஸ் 2017-ல் ஓய்ந்தது. அதன் வாரிசுக் கோள்கள் 2018 மே முதல் சுற்றுகின்றன. அவற்றாலும் சில நூறு கி.மீ. அகலமுள்ள பரப்பைத்தான் ஒட்டுமொத்தமாகப் பார்க்க முடியும். தனியொரு கிராமத்தின் கணக்கு அதில் தெரியாது. அதை ஊர்தான் எடுக்க வேண்டும். பருவமழைக்கு முன்பும் பின்பும் உங்கள் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். கிராம சபையில் அந்தக் கணக்கை முன்வையுங்கள்.