மரத்துண்டு பேசிய வீடு

பசிபிக் மகா சமுத்திரத்தின் தென்பகுதியில், இன்று வனுவாட்டு என்றும் அந்நாளில் நியூ ஹெப்ரிடீஸ் என்றும் வழங்கிய தீவுக்கூட்டத்திலே, அனிவா என்னும் சின்னஞ்சிறு பவளத் தீவில், ஸ்காட்லாந்து தேசத்துப் பாதிரியார் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஆணிகளும் சில கருவிகளும் தேவைப்பட்டன. கீழே கிடந்த மரத்துண்டு ஒன்றை எடுத்து அதில் இரண்டொரு வார்த்தை எழுதி, பக்கத்தில் நின்ற நமகேய் என்னும் முதிய தலைவரிடம் கொடுத்து, தம் மனைவியிடம் சேர்ப்பிக்கச் சொன்னார். என்ன வேண்டுமென்று கேட்ட கிழவருக்கு, அந்த மரமே சொல்லிவிடும் என்று பதில் கிடைத்தது. தம்மைப் பரிகாசம் செய்கிறார் என்று எண்ணிக்கொண்டே சென்ற நமகேய், அம்மாள் அந்தத் துண்டை ஒரு கணம் பார்த்து, அப்பால் எறிந்துவிட்டு, உள்ளே போய்க் கேட்ட சாமான்களையே எடுத்துவரக் கண்டு திகைத்து நின்றார்.

பாதிரியார் ஜான் பேட்டன். அம்மாள் அவருடைய இரண்டாவது மனைவி மார்கரெட். எழுத்தின் மகிமையைக் காட்டவே இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். ஆனால், எழுதிய கையைவிட ஆணி எடுத்துக் கொடுத்த கையையே என் மனம் நினைத்துக்கொள்கிறது. ஆணி எங்கே, மாவு எங்கே, மருந்து எங்கே என்று அறிந்து வைத்திருந்த அந்தக் கை இல்லாமல் அத்தகைய வனாந்தரத்தில் மிஷன் ஊழியம் ஒரு வருஷமும் நடந்திராது.

அப்படியொரு கை இல்லாமற்போன கதையும் பேட்டனுடையதே. 1858ஆம் ஆண்டு ஏப்ரலில், விவாகமான சில தினங்களிலேயே, முதல் மனைவி மேரி ஆனை அழைத்துக்கொண்டு அவர் கப்பலேறினார். அனிவாவுக்கு அண்மையிலே, எரிமலை இரவும் பகலும் முழங்கிக்கொண்டிருக்கும் தன்னா தீவில், கேப்டன் குக் 1774இல் நங்கூரமிட்ட துறைமுகத்தின் கரையில், நவம்பர் மாதம் இருவரும் குடியேறினர். பிப்ரவரி 12ஆம் தேதி ஆண் குழந்தை பிறந்தது. மார்ச் 3ஆம் தேதி காய்ச்சலில் தாய் இறந்தாள். 20ஆம் தேதி குழந்தையும் போயிற்று. வீட்டையொட்டிய நிலத்தில் தம் கைகளாலேயே குழி தோண்டி இருவரையும் அடக்கம் செய்த பேட்டன், அதன்மேல் பவளக் கற்களை அடுக்கி, நுணுக்கிய வெண்பவளத்தைச் சரளைபோலப் பரப்பினார்.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. கடற்கரையை ஒட்டி, பின்புறத்துக் குன்று காற்றை மறைக்கும் தாழ்வான இடத்திலே வீடு கட்டியது தவறு என்பதைப் பாதிரியார் பிற்பாடுதான் உணர்ந்தார். பதினான்கு முறை காய்ச்சலில் விழுந்தெழுந்த பிறகு, முதிய தலைவர் ஒருவர் வந்து, இந்தத் தீவில் எவனும் இவ்வளவு தாழ்ந்த இடத்தில் படுத்துறங்குவதில்லை, மேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று புத்தி சொன்னாராம். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் இருப்பதை நம் நாட்டுச் செகந்திராபாத்திலிருந்து ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல். காற்றடிக்கும் மேட்டிலே உறங்க வேண்டும் என்பதைத் தன்னா ஜனங்கள் அதற்கு வெகு காலம் முன்பே அறிந்திருந்தார்கள். போதிக்க வந்தவர், வந்த முதல் நாளே அவர்களிடம் கேட்டிருந்தால் அந்தப் பவளச் சமாதி தேவைப்பட்டிராது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1861இல் அந்நியக் கப்பல்கள் கொண்டுவந்த தட்டம்மை தீவுகளில் திரளான பேரை வாரிக்கொண்டு போயிற்று. புதிய தெய்வத்தைக் கொண்டுவந்தவர்களே காரணம் என்று ஜனங்கள் சினந்தார்கள். மறு வருஷம் பேட்டன் உயிர் தப்பித் தன்னாவை விட்டு வெளியேறினார். 1865இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று தன்னாவின்மேல் குண்டு பொழிந்தபோது அவர் அக்கப்பலிலேயே மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அதற்காகத் தம் மதத்தவரிடமே கண்டனம் பெற்றார். அன்பை உபதேசிக்கச் சென்றவருக்கு அது அழகன்று என்பதே என் கருத்து.

1866இல் மார்கரெட்டுடன் அனிவாவில் தொடங்கிய குடித்தனத்துக்கு, பவளத்தைச் சுட்டுக் கிடைத்த சுண்ணாம்பே காரையாயிற்று. ஓடையோ ஆறோ இல்லாத அத்தீவில் ஜனங்கள் இளநீரை நம்பியிருந்தார்கள். மழை மேலிருந்து வருமேயன்றிப் பூமியிலிருந்து வருமா என்று நகைத்தவர்களைத் தூண்டில் முள் கூலியாகக் கொடுத்துக் கிணறு வெட்டச் செய்தும், பாதியில் மண் சரிந்து அவர்கள் விலகிக்கொண்ட பிறகு தாமே இறங்கி வெட்டியும், முப்பது அடிக்குக் கீழே பேட்டன் நன்னீர் கண்டார். நமகேய் அதை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்த பிறகே, மழைதான் என்று ஒப்புக்கொண்டார். கிணறு புகழ் பெற்றது. அதே வளவில் ஏறக்குறைய ஐம்பது பெண்களுக்கு வாசிப்பும் தையலும் பாட்டும் தொப்பி முடைதலும் மார்கரெட் கற்றுக்கொடுத்தார். நமகேய் தம் மகள் லிட்சியைக் கொண்டுவந்து அந்த வீட்டிலேயே வளரும்படி ஒப்படைத்தார். தன் வீட்டுப் பெண்ணை அயலார் அடுக்களையில் விடுகிற தகப்பன், உபதேசத்தைக் கேட்டு மட்டும் அப்படிச் செய்வதில்லை. அந்த வீட்டு அம்மாளைப் பார்த்துத்தான் செய்கிறான்.

அந்த அம்மாளின் சொந்தப் பிள்ளைகளோ படிப்புக்காகக் கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியிருந்தது. ஞாயிறு பள்ளிச் சிறுவர்கள் சேர்த்த காசில் ஓடிய ‘டேஸ்பிரிங்’ என்ற மிஷன் கப்பல், மாவும் தபாலும் கொண்டுவருவது. திரும்பும்போது பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் அப்படிப்பட்ட கப்பல்தான். ஊரார் குழந்தைகள் வீட்டில் வளர, பெற்ற குழந்தைகள் எங்கோ அயலாரிடம் வளர்ந்தார்கள். சில குழந்தைகள் அந்த வயதையும் எட்டாமலே இறந்துபோயினர்.

பேட்டனின் சுயசரிதைக்குப் பிறகு, மார்கரெட் உறவினருக்கு எழுதிய கடிதங்களும் 1894இல் நூலாக வந்தன. அவர்கள் மகன் பிராங்க் 1896இல் ஊழியத்துக்குச் சென்று குடியமர்ந்த இடம், மேரி ஆனும் அவள் சிசுவும் உறங்கும் அதே தன்னா தீவின் மேற்குக் கரை. இரு நூல்களும் கைக்குக் கிடைக்கும் வாசகர்கள், அம்மாளின் கடிதங்களை முதலில் படித்துவிட்டுப் பாதிரியாரின் சரிதையைக் கையில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.