விரை வீக்கம்

கையிலோ காலிலோ வீக்கம் கண்டால் விடுதித் தோழனிடம் உடனே காட்டுகிறோம். விரைப்பையில் வீங்கினால் மட்டும் வேட்டிக்குள் மறைத்துக்கொள்கிறோம். ஊர்ப்புறத்திலோ எல்லாவற்றுக்கும் ‘ஓதம்’ என்று ஒரே பெயர். பெயர் ஒன்றாயினும் நோய் பல. மருத்துவம் பயில்பவன் என்ற முறையில் சிலவற்றை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

விரையைச் சூழ்ந்த உறைக்குள் நீர் சேர்வது ஒன்று. இருட்டில் பின்புறம் டார்ச் விளக்கை வைத்தால் பெரும்பாலும் வீக்கம் சிவந்து ஒளிரும். நம் நாட்டில் யானைக்கால் புழு இதற்கு ஒரு பெருங்காரணம். அதிலும் ஒரு வியப்புண்டு. இங்கிருந்து வடக்கே சேர்த்தலையில், ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளர்ந்த கொசு முன்னாளில் பரப்பியது ‘புரூஜியா மலாயி’ என்னும் புழு. அது காலை வீங்கச் செய்யும். விரையைப் பெரும்பாலும் தொடாது. கும்பகோணத்துச் சாக்கடைக் கொசு பரப்பிய ‘உச்செரேரியா’ புழுவோ இரண்டையும் விடாது. இதன் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலவும்; ஆகையால் நள்ளிரவை ஒட்டி இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். மருந்து குஞ்சுகளைக் கொல்லுமேயன்றி, தேங்கிப் பெருத்த நீரை வற்றச் செய்யாது. ஊசியால் இழுத்தாலும் மீண்டும் ஊறும். அறுவை செய்து உறையை நீக்குவதே தீர்வு.

இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போவது குடலிறக்கம். அது சிக்கிக்கொண்டு வலியும் வாந்தியும் கண்டால் அன்றே அறுவை வேண்டும். இடப்பக்கம் புழுக்கூட்டம்போல் தட்டுப்படுவது புடைத்த இரத்த நாளம். பலருக்கு அதனால் தொல்லையே இல்லை.

வலியில்லாத கல் போன்ற கட்டியை நம்மவர் பொருட்படுத்துவதில்லை. விரைப் புற்றோ 15 முதல் 40 வயதுக்குள்ளேதான் மிகுதி. இளைஞனுக்குப் புதிதாக நீர் சேர்ந்தாலும், உள்ளே கட்டி ஒளிந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்க்க வேண்டும். புற்றென்றால் விரைப்பையில் ஊசி குத்தலாகாது. தொடை இடுக்கு வழியாகவே விரையை எடுப்பர். பரவிய நிலையிலும் மருந்தால் குணமடைவோர் பலர்.

நாழிகை பார்த்து ஓட வேண்டியது விரை முறுக்கு. திடீரென, சில வேளை தூக்கத்திலேயே, பொறுக்கவொண்ணா வலி, கூடவே குமட்டல், விரை மேலேறி நிற்கும். கிருமித் தொற்றாலும் வலிக்கும். அது பெரும்பாலும் மெல்லக் கூடும், காய்ச்சலும் வரலாம். ஆனால் எது என்று விடுதி அறையில் வாதிட நேரமில்லை. முறுக்கை 6 மணிக்குள் அவிழ்த்தால் விரை பெரும்பாலும் பிழைக்கும். இங்கு 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. வலி வந்தால் காலை ஓ.பி. வரை காத்திராதீர்கள், வழியில் ஒன்றும் உண்ணாமல் செல்லுங்கள்.