வேர்ட்பிரஸ் பக்கங்கள்

வேர்ட்பிரஸ் பக்கங்கள் என்பவை, வேர்ட்பிரஸ் என்னும் திறமூல மென்பொருளால் இயங்கும் வலைத்தளம் ஒன்றில், காலவரிசையைச் சாராமல் நிலையாக இருக்கும் உள்ளடக்கங்களைக் குறிக்கும். ஒரு பள்ளியின் வலைத்தளத்தில் காணப்படும் "எங்களைப் பற்றி", "சேர்க்கை விதிகள்", "தொடர்பு முகவரி" போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. பக்கங்களை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கவும், வரிசைப்படுத்தவும், பட்டியில் (மெனுவில்) காட்டவும், மறைக்கவும் இயலும்.

பக்கம் ஒன்றைச் சேர்ப்பது சில நிமிடங்களில் முடியும் பணி. சேர்த்த பக்கங்களை ஒழுங்கமைப்பதிலேயே பிழைகள் மிகுதியாக நேர்கின்றன. அடுக்கில் ஒரு பக்கத்தின் இடம், பட்டியில் அதன் இடம், இணையத்தில் அதன் முகவரி ஆகிய மூன்றும் ஒன்றே எனப் பலர் கருதுவதே இதற்கு முதன்மையான காரணம் ஆகும்.

வரலாறு

மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் பி2 என்னும் வலைப்பதிவு மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு வேர்ட்பிரசை உருவாக்கினர். இதன் முதல் பதிப்பு 2003 ஆம் ஆண்டு மே 27 அன்று வெளியானது. தொடக்கத்தில் இது வலைப்பதிவு எழுதுவதற்கான கருவியாக மட்டுமே இருந்தது. எழுதியவை யாவும் நாள் குறிக்கப்பட்ட இடுகைகளாகவே அமைந்தன.

2005 ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான 1.5 பதிப்பில் பக்கங்கள் என்னும் வசதி அறிமுகமானது. 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த 2.1 பதிப்பு, விரும்பிய பக்கத்தையே தளத்தின் முதற்பக்கமாக வைக்க வழிசெய்தது. இதன் பின்னர் வலைப்பதிவு அல்லாத தளங்களை அமைப்பது எளிதாயிற்று. பட்டிகளைத் தனியாக வடிவமைக்கும் வசதி 2010 ஆம் ஆண்டு ஜூனில் 3.0 பதிப்புடன் வந்தது. உரையையும் படத்தையும் துண்டு துண்டாக அடுக்கும் தொகுப்பி 2018 ஆம் ஆண்டு டிசம்பரில் 5.0 பதிப்புடன் வந்தது.

பக்கமும் இடுகையும்

பக்கம், இடுகை ஆகிய இரண்டும் தரவுத்தளத்தில் ஒரே அட்டவணையில் சேமிக்கப்படுகின்றன. எனினும் பயன்பாட்டில் அவை வேறுபடுகின்றன.

இடுகை காலத்தைச் சார்ந்தது. புதியது மேலேயும் பழையது கீழேயும் வரும். பகுப்புகளும் குறிச்சொற்களும் இடுகைகளை வகைப்படுத்துகின்றன. செய்தியோடைகளிலும் இடுகைகளே இடம்பெறுகின்றன.

பக்கம் இடத்தைச் சார்ந்தது. அதற்கு இயல்பாகப் பகுப்போ குறிச்சொல்லோ இல்லை. அவற்றுக்கு மாற்றாக, ஒரு பக்கத்துக்கு மற்றொரு பக்கத்தைத் தாய்ப் பக்கமாகக் குறிப்பிடலாம்.

ஆண்டு விழா நடந்த செய்தி ஓர் இடுகையாகவும், பள்ளியின் வரலாறு ஒரு பக்கமாகவும் இருப்பதே பொருத்தமானது. செய்திகளை எல்லாம் பக்கங்களாகச் சேர்த்தால், ஓராண்டுக்குள் எது எங்கே உள்ளது என்று தளத்தை நடத்துபவருக்கே தெரியாத நிலை ஏற்படும்.

புதிய பக்கம் சேர்த்தல்

நிர்வாகப் பகுதியில் "பக்கங்கள்" என்பதைச் சொடுக்கிப் புதிய பக்கத்தைச் சேர்க்கலாம். தலைப்பும் உரையும் எழுதப்பட்டபின், பக்கவாட்டில் உள்ள அமைப்புகளில் பின்வருவனவற்றைக் குறிப்பிட இயலும்.

முகவரித் துண்டு: முகவரியின் இறுதியில் வரும் பெயர். இதனை வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாகவே உருவாக்குகின்றது. பக்கம் வெளியிடப்பட்ட பின்னர் தலைப்பை மாற்றினால் இத்துண்டு மாறுவதில்லை; இதனைத் தனியாகவே மாற்ற வேண்டும்.

தாய்ப் பக்கம்: இப்பக்கம் எதன்கீழ் அமைய வேண்டும் என்பது.

வரிசை எண்: ஒரே தாய்ப் பக்கத்தின்கீழ் உள்ள பக்கங்களுள் எது முதலில் வரவேண்டும் என்பது. எண்கள் ஒன்றாக இருப்பின் நிர்வாகப் பட்டியலில் தலைப்பின் அகரவரிசை பின்பற்றப்படும்.

வார்ப்புரு: பக்கத்தின் தோற்ற அமைப்பு. தேர்ந்தெடுத்த தீமைப் பொறுத்து இது வேறுபடும்.

வேர்ட்பிரசை நிறுவும்போது ஒரு மாதிரிப் பக்கமும் தானாக உருவாகி வெளியிடப்படுகின்றது. இதனை நீக்க மறந்த தளங்கள் பல உள்ளன.

தாய்ப் பக்கமும் துணைப்பக்கமும்

பக்கங்களின் அடுக்கு ஒரு மரத்தின் வடிவில் அமைகின்றது. எடுத்துக்காட்டாக, "சேர்க்கை" என்னும் பக்கத்தின்கீழ் "விதிகள்", "கட்டணம்", "விண்ணப்பம்" ஆகிய துணைப்பக்கங்களை அமைக்கலாம். அவற்றுள் ஒன்றின்கீழ் மேலும் துணைப்பக்கங்களை அமைக்கவும் தடையில்லை.

இவ்வடுக்கு முகவரியிலும் எதிரொலிக்கின்றது. "கட்டணம்" பக்கத்தின் முகவரி, தளத்தின் பெயரை அடுத்து "சேர்க்கை/கட்டணம்" என்று அமையும். ஒரே தாய்ப் பக்கத்தின்கீழ் இரு பக்கங்கள் ஒரே முகவரித் துண்டைப் பெற இயலாது. அவ்வாறு நேர்ந்தால் இரண்டாவதன் இறுதியில் 2 என்னும் எண் சேர்க்கப்படும். வெவ்வேறு தாய்ப் பக்கங்களின்கீழ் ஒரே துண்டு இருக்கலாம். "சேர்க்கை/கட்டணம்", "விடுதி/கட்டணம்" ஆகிய இரண்டும் ஒருசேர இருக்க முடிவது இதனாலேயே ஆகும்.

பட்டி

3.0 பதிப்புக்கு முன்னர், பெரும்பாலான தீம்கள் வெளியிடப்பட்ட பக்கங்களை அவற்றின் அடுக்கின்படியே தளத்தின் தலைப்பகுதியில் பட்டியலிட்டன. இதனால் அடுக்கும் பட்டியும் ஒன்றாகவே இருந்தன. 3.0 பதிப்பிலிருந்து பட்டி தனியான ஒன்றாயிற்று. அடுக்கில் மூன்றாம் நிலையில் உள்ள பக்கத்தைப் பட்டியின் முதல் வரிசையில் காட்டலாம். அடுக்கின் மேல் நிலையில் உள்ள பக்கத்தைப் பட்டியில் சேர்க்காமலும் விடலாம். மேல் நிலைப் பக்கங்கள் புதிதாக வெளியாகும்போது அவற்றைத் தானாகவே பட்டியில் சேர்க்கும் தெரிவும் உண்டு.

பட்டியில் சேர்க்கப்பட்ட பக்கம் அதன் அடையாள எண்ணால் நினைவில் வைக்கப்படுகின்றது, முகவரியால் அன்று. எனவே பக்கத்தின் முகவரி மாறினாலும் பட்டி தானாகவே புதிய முகவரியைக் காட்டும். முகவரியைக் கையால் தட்டச்சிட்டுச் சேர்த்த இணைப்புகளுக்கு இது பொருந்தாது.

முகவரி மாறும்போது

பட்டி தன்னைத் தானே சரிசெய்துகொள்வது பயனுள்ள வசதியாக இருப்பினும், அதுவே ஒரு சிக்கலை மறைத்தும் விடுகின்றது. பள்ளி நிர்வாகம் "கட்டணம்" பக்கத்தை "சேர்க்கை" என்பதன்கீழிருந்து "அலுவலகம்" என்பதன்கீழ் நகர்த்துவதாகக் கொள்வோம். அப்பக்கத்தின் முகவரி உடனே மாறிவிடும். நிர்வாகி தளத்தைத் திறந்து பட்டியைச் சொடுக்கிப் பார்ப்பார். பக்கம் சரியாகத் திறக்கும். எல்லாம் நலமே என்று அவர் கருதுவார். ஆனால் பின்வருவன பழைய முகவரியையே கொண்டிருக்கும்:

தளத்தின் பிற பக்கங்களின் உரையில் இடப்பட்ட இணைப்புகள், பிற தளங்கள் தந்த இணைப்புகள், பெற்றோர் தம் உலாவியில் குறித்து வைத்தவை, மின்னஞ்சலில் அனுப்பியவை, சுற்றறிக்கைகளில் அச்சிட்டவை.

துணைப்பக்கங்களைக் கொண்ட ஒரு பக்கத்தை நகர்த்தினால், அதன்கீழ் உள்ள அனைத்துப் பக்கங்களின் முகவரிகளும் ஒருசேர மாறுகின்றன.

இத்தகைய நிலையில் வேர்ட்பிரஸ் ஓரளவே உதவுகின்றது. இடுகையின் முகவரித் துண்டு மாற்றப்பட்டால் பழைய துண்டு தரவுத்தளத்தில் குறித்து வைக்கப்பட்டு, பழைய முகவரிக்கு வருவோர் புதிய முகவரிக்கு அனுப்பப்படுகின்றனர். பக்கங்களுக்கு இவ்வாறு குறித்து வைக்கப்படுவதில்லை. முகவரித் துண்டு மாறாமல் தாய்ப் பக்கம் மட்டும் மாறியிருந்தால், அத்துண்டைக் கொண்டு மென்பொருள் ஊகித்து அனுப்ப முயல்கின்றது. அவ்வூகம் தவறவும் கூடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் "விடுதி/கட்டணம்" என்றொரு பக்கமும் இருப்பதால், சேர்க்கைக் கட்டணத்தைத் தேடி வந்தவர் விடுதிக் கட்டணத்தைக் காண நேரலாம். பக்கம் கிடைக்கவில்லை என்னும் அறிவிப்பைவிட இது கேடானது. வந்தவருக்குத் தாம் தவறான பக்கத்தைப் படிப்பது தெரியாமல் போகலாம்.

2008 ஆம் ஆண்டில் 2.6 பதிப்புடன் வந்த திருத்த வரலாறும் இங்கு உதவாது. அது தலைப்பு, உரை, சுருக்கம் ஆகியவற்றின் பழைய வடிவங்களையே காக்கின்றது. பழைய முகவரித் துண்டையும் பழைய தாய்ப் பக்கத்தையும் அதிலிருந்து மீட்க இயலாது.

உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை வலியுறுத்தி 1998 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே அவற்றை மாற்றுகின்றனர் என்பது அதன் சாரம் ஆகும்.

முகவரியை மாற்றியே தீரவேண்டிய இடத்தில், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு நிலையான வழிமாற்று ஒன்றை அமைத்தல் வேண்டும். இதற்கான எண் 301 ஆகும். இதனை ஒரு சொருகியைக் கொண்டோ, வழங்கியின் அமைப்புக் கோப்பிலோ செய்யலாம். தேடுபொறிகளும் இவ்வெண்ணைக் கண்டு புதிய முகவரியை ஏற்றுக்கொள்கின்றன.

தமிழ் முகவரிகள்

தலைப்பைத் தமிழில் எழுதினால் முகவரித் துண்டும் தமிழிலேயே அமைகின்றது. உலாவியில் அது தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே வேறு வடிவில் சேமிக்கப்படுகின்றது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளைக் கொள்கின்றது. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக, 3 எழுத்துருக்களாக எழுதப்படுகின்றது. ஆகவே ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 எழுத்துருக்கள் தேவை. "தமிழ்நாடு" என்னும் சொல்லில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் சேர்த்து 9 குறியீடுகள் உள்ளன. முகவரியில் அது 81 எழுத்துருக்களாக நீள்கின்றது.

முகவரித் துண்டுக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியுள்ள இடம் 200 எழுத்துருக்கள் மட்டுமே. ஆங்கிலத் தலைப்புக்கு இது தாராளமானது. தமிழிலோ 22 குறியீடுகளுக்குள் முடிந்துவிடுகின்றது. "எங்கள் ஊர் நூலகத்தின் வரலாறும் வளர்ச்சியும்" என்னும் தலைப்புக்குத் தானாக உருவாகும் துண்டு "எங்கள்-ஊர்-நூலகத்தின்-வர" என்பதுடன் நின்றுவிடும். "எங்கள் ஊர் நூலகத்தின் வரவு செலவு" என்று மற்றொரு பக்கம் சேர்த்தால் அதன் துண்டும் "வர" என்பதுடனேயே நிற்கும். எனவே அதற்கு 2 என்னும் எண் ஒட்டப்படும். இரு முகவரிகளைக் கொண்டு எது வரலாறு, எது வரவு செலவு என்று அறிய இயலாது.

தானாக உருவான துண்டை அப்படியே விடாமல், "நூலக-வரலாறு", "நூலகக்-கணக்கு" என்பன போல் இரண்டொரு சொற்களில் கையால் எழுதுவது இச்சிக்கலைத் தவிர்க்கும். அச்சில் வரவேண்டிய முகவரிகளுக்குச் சிலர் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துகின்றனர். எவ்வாறாயினும் இதனைப் பக்கத்தை வெளியிடும் முன்னரே முடிவு செய்தல் நன்று.

மறைத்தலும் நீக்கலும்

பட்டியிலிருந்து எடுக்கப்பட்ட பக்கம் மறைந்துவிடுவதில்லை. முகவரி தெரிந்த எவரும் அதனைத் திறக்கலாம். தேடுபொறிகளும் அதனைக் காட்டலாம். மாணவர்களின் தொலைபேசி எண்கள் உள்ள பக்கத்தைப் பட்டியிலிருந்து எடுத்துவிட்டால் போதும் என எண்ணுவது தவறு. பிறர் காணக் கூடாத பக்கத்தைத் தனிப்பட்டது எனக் குறிக்கவேண்டும், அல்லது கடவுச்சொல் இடவேண்டும். தாய்ப் பக்கத்துக்கு இவ்வாறு செய்தால் துணைப்பக்கங்களுக்கு அது பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்தல் வேண்டும்.

நீக்கப்படும் பக்கம் முதலில் குப்பைத்தொட்டிக்குச் செல்கின்றது. இயல்பான அமைப்பில் அது 30 நாட்களுக்குப் பின் முற்றாக அழிக்கப்படும். தாய்ப் பக்கம் அவ்வாறு அழியும்போது அதன் துணைப்பக்கங்கள் அழிவதில்லை. அவை ஒரு நிலை மேலே ஏறி, அழிந்த பக்கத்தின் தாய்ப் பக்கத்தோடு சேர்கின்றன. அவற்றின் முகவரிகளும் அதற்கேற்ப மாறுகின்றன. ஆக, ஒரு பக்கத்தை நீக்கிய விளைவு ஒரு மாதம் கழித்துப் பிற பக்கங்களில் தென்படக்கூடும்.

ஒழுங்கமைப்புக்கான நெறிகள்

பக்கங்களைச் சேர்க்கும் முன்னர் அவற்றின் அடுக்கை ஒரு தாளில் வரைந்துகொள்வது பயன் தரும். அடுக்கை அமைக்கும்போது, எளிதில் மாறாதவற்றை அடிப்படையாகக் கொள்ளுதல் நன்று. அலுவலகப் பிரிவுகளின் பெயர்களும் பொறுப்பாளர்களின் பெயர்களும் மாறக்கூடியவை. சேர்க்கை, தேர்வு, நூலகம் போன்ற பொருட்பெயர்கள் நெடுங்காலம் நிலைப்பவை.

அடுக்கை இரண்டு அல்லது மூன்று நிலைகளுக்குள் வைத்தால் முகவரிகள் சுருக்கமாக அமையும். ஆண்டுதோறும் மாறும் விவரங்களுக்கு ஆண்டுக்கொரு பக்கம் சேர்ப்பதைவிட, ஒரே பக்கத்தைப் புதுப்பித்து வருவது நல்லது. பழைய இணைப்புகள் யாவும் நடப்பு விவரத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும்.

தளத்தின் தோற்றத்தை மாற்ற வேண்டுமெனில் பட்டியை மாற்றினால் போதும். பட்டியில் பக்கங்களை எத்தனை முறை இடம் மாற்றினாலும் ஒரு முகவரியும் முறிவதில்லை. தாய்ப் பக்கத்தையும் முகவரித் துண்டையும் மாற்றுவது, வெளியே உள்ளவர்கள் கையில் வைத்திருக்கும் முகவரியை மாற்றுவதாகும். அதனைத் தேவை ஏற்படும்போது மட்டும், வழிமாற்று அமைத்த பின்னரே செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

வலைப்பதிவு
உள்ளடக்க மேலாண்மை அமைப்பு
ஒருங்குறி